எந்த ஸ்பீக்கரில் கேட்டீர்கள்?

நீங்கள் ராஜா கட்சியா, ரஹ்மான் கட்சியா?

நாற்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஜாதகத்தில் ராசி சொல்வது மாதிரி டக்கென்று பதில் வரும். எந்தச் சின்னத்தில் ஓட்டுப் போட்டோம் என்பதைக்கூட மறைப்பார்கள், இதை மறைக்கவே மாட்டார்கள். "ராஜாவுக்கு அப்புறம் எங்க சார் மியூசிக்?" என்பார் ஒருவர். "ரோஜா வந்த பிறகுதான் சார், சவுண்டுன்னா என்னன்னே நமக்குத் தெரிஞ்சது" என்பார் இன்னொருவர். டீ ஆறிப்போகும். வாதம் ஆறாது.

இந்த இரண்டு பேரிடமும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

"எதுல கேட்டீங்க?"

ராகம், தாளம், பின்னணி இசை எல்லாம் இருக்கட்டும். அந்தப் பாட்டை முதல் முதலில் எந்த மெஷினில் கேட்டீர்கள்? நான் பி.காம். படித்தவன். எங்கள் படிப்பில் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். எந்தச் செலவைக் காட்டினாலும், "வவுச்சர் எங்கே?" என்று கேட்க வேண்டும். இசையைப் பற்றி நாம் உதிர்க்கிற தீர்ப்புகளுக்கு வவுச்சர் கேட்டால், பாதிக்கு மேல் வருகிற வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருப்பது நம் காது இல்லை. ஒரு ஸ்பீக்கர்!

எப்படி என்கிறீர்களா? எங்கள் ஊருக்குக் கொஞ்சம் வாருங்கள்.

*

பாப்பிரெட்டிப்பட்டி. தருமபுரி மாவட்டம். நீங்கள் ஏற்காடு ஏற்காடு என்று போகிறீர்களே, அந்தச் சேர்வராயன் மலைக்கு மறுபக்கம். ரயிலில் வந்தால் பொம்மிடியில் இறங்க வேண்டும். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் மஞ்சவாடி கணவாயைத் தாண்ட வேண்டும். வாணியாறு அணை பக்கத்தில்தான்.

1990-களின் தொடக்கத்தில் இந்த ஊருக்குள் சினிமாப் பாட்டு மூன்று வழியாக வந்தது. ஒன்று, மாரியம்மன் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். இரண்டு, பஸ். மூன்று, டீக்கடை டேப்ரெக்கார்டர். வீட்டில் நல்ல டெக் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விரல் மிச்சம் இருக்கும்.

முதலில் குழாய் ஸ்பீக்கர். வேப்பமரத்து உச்சியிலோ மூங்கில் கம்பத்திலோ கட்டுவார்களே, கூம்பு மாதிரி, அதேதான். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குழாய் ஸ்பீக்கர் இவ்வளவையும் தருவதற்காகச் செய்த சாமான் இல்லை. பேச்சுக் குரலை ரொம்ப தூரத்துக்குக் கடத்துவதற்காகச் செய்தது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற ஓசை அதில் ஏறக்குறைய வராது. பேஸ் கிதாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தபேலாவில் இடது கை போடுகிற கும்கியும் கீழ்ப்பகுதிதான். ஆக, பாட்டின் அஸ்திவாரத்தைக் கழித்துவிட்டு மாடியை மட்டும் ஊருக்குக் காட்டுகிற மெஷின் அது.

1992 ஆகஸ்ட் 15. ரோஜா வந்தது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஸ்டூடியோவில் ஓர் இளைஞர் பொறுமையாக அடுக்கி அடுக்கிச் செய்த இசை. அதன் பலமே கீழே ஓடுகிற சின்தசைசர் பேஸ். அப்புறம், வாத்தியங்களுக்கு நடுவில் குரலையும் ஒரு வாத்தியம் மாதிரி உட்கார வைத்த ஒலிக்கலவை. இதைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டினால் என்ன ஆகும்? கீழே இருப்பது போய்விட்டது. மேலே இருக்கிற சிணுங்கல்கள் மட்டும் கணகணவென்று வந்தன. "என்னடா இது, தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்குது. பாட்டு எங்கடா?" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவருக்கு வந்தது கூழாங்கல்தான்.

அடுத்த கேசட் ராஜா. குரல் முன்னால் நிற்கிறது. வயலின், புல்லாங்குழல், வீணை எல்லாம் நடுப்பகுதியில் உலவுகிற வாத்தியங்கள். குழாய் ஸ்பீக்கரின் சொந்த ராஜ்யம் அது. பெரியவர் முகம் மலர்ந்தது. "இது பாட்டு!"

அதே ரோஜா கேசட்டை, சேலத்தில் ஹாஸ்டலில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வைத்துக் கேட்ட காலேஜ் பையன்கள் லீவுக்கு ஊருக்கு வந்தார்கள். அவர்களுக்கு ராஜா பழசாகிவிட்டார், ரஹ்மான் தெய்வமாகிவிட்டார். டீக்கடையில் சண்டை. இரண்டு இசையமைப்பாளர்களுக்கு நடுவில் நடந்த சண்டை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிஜத்தில் மோதிக்கொண்டது குழாயும் பெட்டியும்!

*

பஸ் கதை இன்னும் வேடிக்கை. ராஜா, பிரியா (1978) படத்திலேயே பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்தவர். இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒரு வாத்தியம், நடுவில் குரல் என்று பார்த்துப் பார்த்து இடம் போட்டுக் கொடுத்தார். எங்கள் ரூட் பஸ் ஒன்றில் ஒரு ஸ்பீக்கர் டிரைவர் தலைக்கு மேலே, இன்னொன்று கடைசி சீட்டுக்கு மேலே. முன் சீட்டுக்காரருக்கு வயலின் கேட்கும், கிதார் கேட்காது. பின் சீட்டுக்காரருக்கு கிதார் கிடைக்கும், வயலின் போச்சு. ஒரே டிக்கெட் விலை, ஆளுக்கு அரைப் பாட்டு. அதற்கு மேல் மஞ்சவாடி ஏற்றத்தில் செகண்ட் கியரில் இன்ஜின் உறுமும். அந்த உறுமலும் கீழ்ப்பகுதி ஓசைதான், மிச்சம் மீதி பேஸையும் விழுங்கிவிடும். டிரைவர் என்ன செய்வார் பாவம், டிரெபிளைத் திருகி ஏற்றுவார்.

இந்த இரண்டு மெஷினுக்கும் கச்சிதமாகப் பொருந்திய இசை ஒன்று இருந்தது. தேவா. அண்ணாமலை (1992), பாட்ஷா (1995) பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். குரல் உரத்து முன்னால் வரும், வார்த்தை தெளிவாக விழும், தாளம் மொறுமொறுப்பாக இருக்கும். எந்த ஓட்டை ஸ்பீக்கரில் போட்டாலும் பாட்டு பாட்டாகவே வந்து சேரும். எங்கள் பக்கத்து பஸ்களை ஆண்டவர் அவர்தான். ஆனால், பாருங்கள், ராஜா-ரஹ்மான் வழக்கில் சாட்சியாகக்கூட அவர் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த வழக்கு நடந்ததே பெட்டி ஸ்பீக்கர் வீடுகளில் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

எல்லாமே மெஷின்தானா, இசைக்கு ஒன்றும் இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. 1994-ல் காதலன் வந்தபோது, பிரபுதேவா ஆடின பாட்டை அதே குழாய் ஸ்பீக்கரில்தான் போட்டார்கள். அதே திண்ணையில், அதே பெரியவரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அவருக்கே தெரியாது. (நான் சொல்லவும் இல்லை. வம்பு எதற்கு?) சில தாளங்கள் பேஸ் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும். நல்ல மெட்டு எந்தத் தகரத்தையும் தாண்டி வரும். மெஷின் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் சாட்சியங்களில் பாதியை ஒளித்து வைத்துவிடுகிறது. அந்தப் பாதியைப் பார்க்காமலே நாம் தீர்ப்பு எழுதி, சீல் வைத்து, பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிக் கொடுக்கிறோம்.

*

இது ரோஜாவில் ஆரம்பித்த வியாதியும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா தலைமுறைக்கு இசை என்றால் விஸ்வநாதன்-ராமமூர்த்தி. 1965-ல் அவர்கள் பிரிந்த பிறகும் எம்.எஸ்.வி. அந்தத் தலைமுறை பாட்டுக் கேட்டது வால்வு ரேடியோவில். ஸ்விட்ச் போட்டால் சூடேற அரை நிமிஷம் ஆகும். ஆனால் பெரிய மரப்பெட்டி, பெரிய ஸ்பீக்கர். இலங்கை வானொலி இரைச்சலோடு வந்தாலும் குரலுக்கு ஒரு கனம் இருக்கும். 1976-ல் அன்னக்கிளி வந்து ராஜா அறிமுகமானபோது வீட்டில் மரப்பெட்டி போய், கையடக்க டிரான்சிஸ்டர் வந்திருந்தது. தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகலாம், சரி. ஆனால் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் எதைக் கேட்டாலும் மெலிந்துதான் கேட்கும். "அந்தக் காலத்துப் பாட்டுல இருந்த கனம் இதுல இல்ல" என்று பெரியவர்கள் சொன்னார்கள். போன கனத்தில் கொஞ்சமாவது மரப்பெட்டியோடு போன கனம்தானே?

வால்வு ரேடியோவிலிருந்து டிரான்சிஸ்டர். அதிலிருந்து கேசட். 1993-ல் சன் டி.வி. வந்த பிறகு, கேட்கிற பாட்டைவிடப் பார்க்கிற பாட்டு. அப்புறம் சி.டி., எம்.பி.3, எஃப்.எம்., இப்போது செல்போன். மெஷின் மாறுகிற ஒவ்வொரு முறையும், "இசை செத்துப் போச்சு" என்று ஒரு தலைமுறை இரங்கல் கூட்டம் நடத்துகிறது. இசை பக்கத்துத் தெருவில் வேறு பெட்டிக்குள் சௌக்கியமாக இருக்கும்.

*

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் தலைமுறை ரசிகனுக்குக் கொஞ்சம் மார்க் போடலாம். கேசட் ரெக்கார்டிங். ஒரிஜினல் கேசட் வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. காலி கேசட்டை வாங்கிக்கொண்டு, நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். 60 நிமிஷ கேசட். பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டு ஒன்று நாலரை, அஞ்சு நிமிஷம் என்றால் மொத்தம் 12, தப்பினால் 13.

இந்த 12 இருக்கிறதே, அதுதான் எங்களில் பல பேர் எழுதிய முதல் விமர்சனக் கட்டுரை. பதின்மூன்றாவது பாட்டு வேண்டுமென்றால் பன்னிரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். எதை அடிப்பது? ஏன்? பரீட்சைக்குக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். பொருளாதாரத்தில், ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விடுகிற விலை என்று வாத்தியார் நடத்தியபோது, லிஸ்ட் எழுதின பயல்களுக்கு மட்டும் உடனே புரிந்தது.

ஆனால் கடைக்காரர் பதிவு செய்வது பெரும்பாலும் இன்னொரு பதிவிலிருந்து. அது வேறொரு பதிவின் பிரதி. ஒவ்வொரு பிரதிக்கும் மேல்பகுதி ஓசை கொஞ்சம் தேயும், 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் ஏறும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதுவோமே, அதே கதைதான். சென்னையில் கிளம்பின பாட்டு பாப்பிரெட்டிப்பட்டி வந்து சேர்வதற்குள், மேலேயும் தேய்ந்து, கீழேயும் ஒடிந்து, நடு உடம்பு மட்டும் வரும். அந்த நடு உடம்பைத்தான் நாங்கள் உயிருக்கு உயிராகக் காதலித்தோம்.

*

இப்போது இந்தக் காலத்து ரசிகன் ஒருவனைப் பாருங்கள். என் அக்கா மகன். காலேஜ் படிக்கிறான். காதில் ஹெட்போன் இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை. அனிருத்துக்கு ரசிகன், ராஜாவுக்கும் ரசிகன். எப்படிடா இரண்டு கட்சியிலும் மெம்பர் என்று கேட்டால் விழிக்கிறான். கட்சி என்ற யோசனையே அவனுக்கு இல்லை.

ஒருநாள் வந்து, "மாமா, நினைவெல்லாம் நித்யா பாட்டு கேட்டிருக்கீங்களா?" என்றான்.

"டேய், அது 1982. நீ பொறக்கறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி. என்கிட்டயே கேக்கறியா?"

"இல்ல மாமா, இதுல கேளுங்க. கீழ ஒருத்தரு தனியா வேற ஒரு பாட்டு வாசிச்சிட்டே போறாரு."

ஹெட்போனை மாட்டினான். எஸ்.பி.பி. மேலே பாடிக்கொண்டிருக்க, அடியில் பேஸ் கிதார் நடந்து போகிறது. தாளத்துக்கு ஒத்து ஊதுகிற நடை இல்லை. நின்று, திரும்பி, குரலுக்குப் பதில் சொல்லி, தாவி, மறுபடி வந்து சேர்கிற நடை. எங்கள் வேப்பமரமும் பஸ்ஸும் கடைசிவரை எங்களுக்குக் கொடுக்காத பாட்டு அது. "ராஜா பாட்டில் மெலடி, ரஹ்மான் பாட்டில் பேஸ்" என்று எத்தனை டீக்கடையில், எத்தனை கட்டுரையில் பங்கு பிரித்தார்கள்! ராஜாவின் பேஸ் ஆதியிலிருந்தே அங்கே இருந்தது. போய்ச் சேரத்தான் வழி இல்லை.

"யாரு மாமா அது வாசிக்கறது?" என்றான். நல்ல கேள்வி. ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிதார் வாசித்தவர் சசிதரன். கிதார் சதானந்தம். டிரம்ஸ் புருஷோத்தமன். கீபோர்டு விஜி மானுவேல். வயலின் வி.எஸ்.நரசிம்மன். புல்லாங்குழல் நெப்போலியன், அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்தாரே, அவர்தான். இந்தப் பெயர்களை அந்தக் காலத்து கேசட் அட்டையில் தேடினால் கிடைக்காது. படம், இசை, பாடலாசிரியர், பாடகர், அவ்வளவுதான். வாசித்தவர்களின் பெயரையும் அட்டையில் அச்சடிக்கிற பழக்கத்தைப் பரவலாக்கிய பெருமை ரஹ்மானுக்கு. நவீன் புல்லாங்குழல், கீத் பீட்டர்ஸ் பேஸ் கிதார் என்றெல்லாம் ரசிகர்கள் தெரிந்துகொண்டது அப்படித்தான். அந்த ரஹ்மானே, திலீப் என்ற பெயரில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கட்சித் தொண்டர்கள் கவனிக்க!

பையனின் ஹெட்போனையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. 'ரீமாஸ்டர்' என்று தலைப்புப் போட்டு இணையத்தில் கிடைக்கிற பழைய பாட்டுகளில் சிலவற்றில், யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் உட்கார்ந்து பேஸைத் திருகி ஏற்றியிருக்கிறார். ஸ்டூடியோவில் அப்படி இருந்ததே இல்லை. குழாய் ஸ்பீக்கர் இருந்ததை மறைத்தது. இது இல்லாததைக் காட்டுகிறது. வவுச்சர் இங்கேயும் கேட்க வேண்டும்.

*

கடைசியாக, நாற்பதைத் தாண்டிய நமக்கு.

2011 நவம்பரில், '3' படத்தின் 'வை திஸ் கொலவெறி டி' யூடியூபில் வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. அனிருத்தின் முதல் படமே இணையத்தில்தான் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நம் வயதுக்காரர்கள் சொல்வது: "இதெல்லாம் பாட்டா? ஒரே இரைச்சல்." சரி, எதில் கேட்டீர்கள்? யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை, செல்போனை மேஜைமேல் வைத்து, விரல்நகம் அளவு ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கர் யார் தெரியுமா? வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரின் பேரன்! அதற்கும் கீழ்ப்பகுதி வராது. திண்ணைப் பெரியவர் 1992-ல் கேட்ட அதே கூழாங்கல்லைத்தான் நாம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜெயிலர் (2023) பாட்டை போனில் கேளுங்கள், பிறகு நல்ல தியேட்டரில் கேளுங்கள். இரண்டும் ஒரே சரக்கு என்று சத்தியம் செய்ய முடியாது.

நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கேட்ட பிறகும் எனக்கு ஒரு புகார் உண்டு. பல புதுப் பாட்டுகளில் இடையிசை சுருங்கிவிட்டது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் வருமே, அங்கேதான் ஒரு நரசிம்மனும் ஒரு நெப்போலியனும் நம்மிடம் நேரடியாகப் பேசினார்கள். முப்பது நொடி ரீல்ஸுக்குப் பாட்டை நறுக்குகிற காலத்தில் அந்தத் திண்ணையை இடித்து ரூம் கட்டிவிட்டார்கள். வாசிக்கிறவர் உட்கார இடம் இல்லை. பையனிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அது கரெக்ட் மாமா" என்று யோசித்தான். "இரைச்சல்" என்று மட்டும் சொல்லியிருந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பான். அப்புறம் நித்யாவையும் என்னிடம் கொண்டுவந்திருக்க மாட்டான்.

நஷ்டம் யாருக்கு? சொல்லுங்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று, சுத்தமாகப் பிடிக்காத பாட்டு ஒன்று, இரண்டே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பையனிடமோ பெண்ணிடமோ அந்த ஹெட்போனைக் கடன் வாங்குங்கள். கண்ணை மூடி, முழுசாக ஒரு தடவை கேளுங்கள். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள்.

ஹெட்போனை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை அதிகம்.